கீறல் முட்டையும் செல்வராசண்ணன் கையும்

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்த என் மாரப்பண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் திதி கொடுத்தோம். நான் ஐந்தாவதோடு நின்றவள், கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. நீங்கள் இருந்தவரை எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை. சைக்கிளை எடுத்தால் பத்து நிமிஷத்தில் உங்கள் வீடு. இதை எழுதச் சொன்னது உங்கள் மகள் கௌசல்யாதான். "வாய்ல சொல்றாப்லயே எழுதுங்கத்தை, பிழை இருந்தா நான் திருத்திக்கறேன்" என்றாள். அதனால் இதில் நல்ல தமிழாகத் தெரிவதெல்லாம் அவளுடையது. சங்கதி மட்டும் என்னுடையது.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மோட்டார் ரூமுக்கு ஓடு மாற்றியாயிற்று. உங்கள் மொபெட்டைக் கௌசல்யாதான் ஓட்டுகிறாள், அவள் உட்கார்ந்தால் அது முனகுகிறது. எண்பத்தாறு கிலோ இருக்கிறாள். உங்கள் உடம்புவாகு, உங்கள் மணிக்கட்டு. நீங்கள் போன நாலாம் மாதம், யாரிடமும் கேட்காமல், நாமக்கல் ரோட்டில் உங்கள் லாரி பாடிப் பட்டறைக்குப் போய்க் குத்துச்சண்டைக் கையுறை கேட்டிருக்கிறாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டறைக்குப் பின்னால் தொங்கும் அந்தத் தார்ப்பாய் மூட்டையைக் குத்துகிறாள். பெண்களில் ஹெவிவெயிட். அடுத்த மாதம் சேலத்தில் அவளுக்குப் போட்டி.

அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின அந்த வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. மாநிலப் போட்டிக்கு ஒரு எடைக்கு ஒரு ஆள்தான் போகலாம் என்று பட்டறையில் உங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொன்னார். ஹெவிவெயிட்டில் நீங்களும் உங்கள் சிநேகிதர் செல்வராசண்ணனும் இரண்டு பேர். உங்களை மோதவிட்டுப் பார்க்கலாம் என்றால், மூன்று தடவை மோதவிட்டும் மூன்று தடவையும் கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் எப்படி அடித்துக்கொள்வீர்கள்? மாஸ்டருக்கு வெறுத்துப்போய்விட்டது. "மூட்டையக் குத்துங்கடா. எவன் குத்து பலம், எவன் கை வேகம், அதுவே சொல்லிரும்" என்றார்.

பலத்துக்கு அவரே வழி கண்டுபிடித்தார். மூட்டைக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு குத்துக்கு மூட்டை எவ்வளவு தூரம் ஆடிப்போகிறது என்று ஜாண் போட்டு அளந்தார். உங்கள் குத்துக்கு நாலு ஜாண். செல்வராசண்ணனுக்கு இரண்டரை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீங்கள் குத்தினால் மேலே சங்கிலி மாட்டியிருந்த இரும்பே அதிரும்.

வேகத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் எத்தனை குத்து என்று எண்ண வேண்டும். பட்டறையில் இருந்த எல்லாரும் நாற்பதுக்கு மேல் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். "என்ற தங்கச்சி எண்ணுவா. கோழிப் பண்ணைல ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் முட்டை எண்ணறா தெரியுமா?" என்று நீங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள்.

ஆமாம், நான் எண்ணினேன். கைக்கு மூன்று முட்டை, இரண்டு கைக்கு ஆறு, ஐந்து தடவை எடுத்தால் முப்பது பிடிக்கிற அட்டை நிறைந்துவிடும். அப்படியே உங்கள் குத்தையும் எண்ணினேன். ஒரு அட்டை ஆனால் ஒரு விரலை மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் லாரியே போனாலும் எண்ணிக்கை தப்பாது. உங்களுக்கு மூன்று அட்டையும் நாலும். செல்வராசண்ணனுக்கு மூன்று அட்டையும் இரண்டும். மாஸ்டர் மூன்று நாள் எண்ணச் சொன்னார். மூன்று நாளும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். "வேகத்துல ரெண்டு பேரும் ஒன்னு, பலத்துல மாரப்பன் மேல" என்று மாஸ்டர் முடிவாகச் சொன்னார். உங்களை அனுப்பினார்கள்.

இரண்டாவது ரவுண்டில் நடுவர் நிறுத்திவிட்டார். உங்களை அடித்தவன் ஹெவிவெயிட் என்று சொன்னால் நம்ப முடியாத மெலிசான ஆளாம். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தீர்கள். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்போது கேட்டீர்கள்.

"அவன் கை வந்ததே தெரியல அம்முணி. நானும் அதே வேகந்தானே?"

"ஆமாங்ணா. நான்தான எண்ணினேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் கடைசிவரை இருந்தீர்கள். கை வேகமாகத்தான் இருக்கிறது, கண்தான் மோசம் என்று சேலத்தில் கண் டாக்டரிடம்கூடப் போய்க் காட்டினீர்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதையும் நீங்கள் நம்பவில்லை. அப்புறம் போன் வந்த காலத்தில் வெளிநாட்டு ஹெவிவெயிட்காரர்களைப் போட்டுப் பார்ப்பீர்கள். மத்தியானம் பண்ணை விட்டு நான் வந்தால் என்னையும் உட்காரவைப்பீர்கள். "இவன் கை சம்மட்டி. அவன் கை தையல் மிஷின். பாரு, சின்னக் குத்து நாலு போடறான், எதிராளி கண்ணச் சிமிட்டறான். சிமிட்டற நேரத்துலதான் பெரிய குத்து உள்ள எறங்குது." எனக்குப் பாதி புரியாது. சம்மட்டியா தையல் மிஷினா என்று கேட்டால், "ரெண்டும் ஒரே ஆள்ட்ட இருந்தா அவன அடிக்க முடியாது அம்முணி. எனக்கு ரெண்டும் இருந்துச்சு, ஆனாலும் விட்டுட்டேன் பாரு" என்பீர்கள். சொல்லிவிட்டு உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பண்ணையில் முட்டை பெல்ட்டில் தானாக வரும்படி மாற்றிவிட்டார்கள். பெல்ட்டின் முனையில் எண்ணுகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று என்னையும் கையால் எண்ணச் சொன்னார்கள். தினமும் மெஷின் கணக்கு கூட இருந்தது, என் கணக்கு குறைந்தது. சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். "என்னக்கா, இருவத்தொம்பது வருச சர்வீசு, மெஷின்கிட்டத் தோத்துப்போயிட்டீங்களே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மெஷினுக்குக் கண்ணு இருக்குதா? கீறல் முட்டையெல்லாம் சேத்து எண்ணுது. கீறல் உழுந்தத யாராச்சும் எண்ணுவாங்களா? கை வெச்சதுமே தெரிஞ்சுரும், தள்ளிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றேன்.

"முட்டை வந்துச்சா இல்லியாக்கா? வந்தத எண்ணித்தான ஆவோணும்?" என்றார் அவர்.

கையில் மூன்று முட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன் அண்ணா.

உங்கள் குத்து ஒவ்வொன்றும் தொம், தொம் என்று விழும். ஒன்றைக்கூட நான் தள்ளவில்லை. செல்வராசண்ணன் குத்து அப்படி இல்லை. ஒன்று தொம் என்று விழுந்தால், அதற்கு முன்னால் ஒன்று டப் என்று தொட்டுவிட்டு வரும். அதையெல்லாம் நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று நினைத்து விட்டதும் இல்லை. தங்கச்சி என்பதால் உங்கள் பக்கம் சாய்ந்து எண்ணினேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். பண்ணைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் கை அப்படிப் பழகியிருந்தது. முழுசாக விழாததை மனசு தானாகவே தள்ளிவிட்டது. செல்வராசண்ணன் கை ஆறு அட்டைக்குக் குறையாமல் போயிருக்கும். நான் சொன்னது மூன்றே சொச்சம்.

உங்களுக்குக் கண்ணில் கோளாறு இல்லை. உங்களுக்கு இல்லாத வேகத்தை நான்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அது தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஆடியிருப்பீர்களா? நெருங்கிப் போய் நின்றிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். கௌசல்யா வாசலில் ஒரு தகரப் பலகையைக் காயவைத்திருந்தாள். உங்கள் திதியன்று பட்டறையில் மாட்டுவதற்காகப் பெயின்டரிடம் சொல்லி எழுதி வாங்கியது. லாரிக்குப் போடுகிற மாதிரி ஓரமெல்லாம் தாமரை. நடுவில் உங்கள் பெயர். அதன் கீழே, 'பலம் நாலு ஜாண்'. அதற்கும் கீழே, 'வேகம் நிமிடத்துக்கு 94'.

"எப்புடி இருக்குதுங்கத்தை? அப்பா வேகம் எனக்கும் இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சேலத்துல பாருங்க" என்றாள்.

அப்பா வேகம். யாரும் அவளை எண்ணிப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதை நம்பிக்கொண்டு அவளும் வளையத்துக்குள் போய் நிற்கப் போகிறாள். மூக்கில் பஞ்சோடு நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியது எனக்குக் கண்ணில் வந்தது. அண்ணியை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவே இல்லை.

"செத்தவரு கைய இனிமேட்டு எண்ணி என்ன ஆவப்போவுது சரசு? இருக்கறப்ப ஊரு அவர ஒன்னும் தூக்கி வெச்சுப் பேசல. போனப்பறம் ஒரு தகரத்துல நல்லதா நாலு வார்த்தை எழுதியிருக்குது. அதையும் உன்ற வாயால அழிக்கோணுமா?"

"அதில்லீங்க அண்ணி, புள்ள நம்பிக்கிட்டு..."

"எல்லாந் தெரியும். நீ போ."

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தேன். பட்டறைக்குப் போய்ச் செல்வராசண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வடக்கே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டு, இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று, காது மந்தமாகித் திரும்பியவர் என்பதை மறந்துவிட்டேன். இரண்டு தடவை சொன்னேன். கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "கத்திச் சொல்லு அம்முணி, இந்தக் கிரைண்டர் சத்தத்துல ஒன்னும் உழுவல" என்றார்.

"அன்னிக்கு நான் எண்ணினது தப்புங்ணா!" என்று கத்தினேன்.

கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அதே நேரம் பார்த்து நிறுத்திவிட்டார். பட்டறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"என்னிக்கு?"

"மூட்டை குத்தினப்ப! மாரப்பண்ணனும் நீங்களும்! உங்க குத்துல பாதி லேசா இருந்துச்சுன்னு நான் எண்ணவே இல்லீங்ணா! நீங்கதான் வேகம்! நெம்ப வேகம்!"

ஏணி மேல் நின்று லாரி முகப்பில் கழுகு வரைந்துகொண்டிருந்த பெயின்டர், "ஏனக்கா, இத்தன வருசங் கழிச்சு மறு எண்ணிக்கையா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வராசண்ணன் சிரிக்கவில்லை.

"எதுக்கு வுட்ட?"

"கீறல் முட்டையத் தள்ளற மாதிரி தள்ளிட்டேனுங்ணா. பழக்கதோசம்."

"என்ற குத்து உனக்குக் கீறல் முட்டையா?"

கேட்டுவிட்டு அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் அண்ணா, உங்களுக்கும் இது தெரியாதல்லவா?

"எனக்குன்னு இருந்தது அந்தக் கை ஒன்னுதான். பலம் இல்லாட்டிப் போவுது, கை வேகம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. நீ எண்ணிச் சொன்னன்னிக்கு, அது வெறும் நெனப்புத்தான்னு முடிவு பண்ணுனேன். அடுத்த மாசமே ரிக் ஏறிட்டேன். அதுக்கப்பறம் ஒரு நாளும் மூட்டையத் தொட்டதில்ல. திரும்பி வந்து அஞ்சு வருசமா அடுத்தவனுக்குத்தான் புடிச்சுட்டு நிக்கறேன்."

எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, டீ வந்ததைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உங்கள் மகள் கையில் துணி சுற்றியபடி மூட்டைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். துணியைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரியே அண்ணி காதுக்குச் சேதி போய்விட்டது. இனி என் வீட்டுப் பக்கம் வராதே என்று அண்ணி சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நான் கொடுத்தனுப்பிய குழம்புப் பாத்திரத்தை வழக்கமாக ஏதாவது போட்டுத் திருப்பி அனுப்புபவர், கழுவிக் கவிழ்த்து அனுப்பினார்.

திதியன்று காலையில் பட்டறைக்கு எல்லாரும் போனோம். செல்வராசண்ணன் வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெயின்டர் தின்னரும் துணியும் கொடுக்க, கடைசி வரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேக வரி மட்டும் போயிருந்தது. அண்ணி முகம் மாறியது.

"இதப் பாரு தாயி" என்றார் அண்ணியிடம். "நாலு ஜாண் இருக்குதல்ல, அது நெசம். அத எவனும் அழிக்க முடியாது. அந்தக் குத்த இந்தத் தாடைல வாங்குனவன் நான் ஒருத்தன்தான் உசுரோட இருக்கறேன். கடவாப் பல்லு ரெண்டு அன்னிக்குப் போனதுதான், கட்டிப்புடிச்சுச் சிரிச்சதெல்லாம் அதுக்கப்பறம். பொய்யி ஒரு வரி இருந்தா நெசத்தையும் நாளைக்கு நம்ப மாட்டாங்க."

பலகையை மாட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கச் சொன்னது அண்ணிதான். என்னிடம் இன்னும் பேச்சில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பலகை மாட்டி முடிந்ததும் செல்வராசண்ணன் சட்டையைக் கழற்றினார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், தொப்பை வேறு. வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. "எண்ணு. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணு" என்றார்.

கத்திக் கத்தி எண்ணினேன் அண்ணா. தொட்டது, உரசியது, விழுந்தது, ஒன்றையும் விடவில்லை. வாய் எண்ணிக்கைக்கு ஈடு கொடுக்கவில்லை, பாதியில் விரலுக்கு மாறிவிட்டேன். அரை நிமிஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு அட்டையும் ஏழும். அரை நிமிஷத்துக்கு, அந்த வயசில்.

"ரெட்டிச்சுப் போட்டு நூத்தி முப்பத்திநாலுன்னு பலகைல எழுதிரலாமா மாமா?" என்று பெயின்டர் கேட்டார்.

"அரை நிமிசந்தான்டா அடிச்சேன். அடிக்காதத எதுக்கு எழுதறே?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "வாரா வாரம் வந்து எண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அப்போது கௌசல்யா முன்னால் வந்தாள். துணி சுற்றி, கையுறை மாட்டித் தயாராக இருந்தாள். "எனக்கும் எண்ணுங்கத்தை" என்றாள். திதியன்று வேண்டாம் என்று அண்ணி சொல்வார் என்று பார்த்தேன். அண்ணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

உங்கள் மகள் குத்தினால் மேலே இரும்பு அதிர்கிறது அண்ணா. சாக்பீஸ் போட்டு அளந்தார்கள், மூன்று ஜாண் தாண்டிப்போகிறது. ஒரு நிமிஷம் முடிந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், வியர்வை வழிய, பெருமையாக, நீங்கள் பார்த்த மாதிரியே.

"ரெண்டு அட்டையும் மூணும். மெதுவுதான் சாமி" என்றேன்.

முகம் சின்னதாகிவிட்டது. அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. செல்வராசண்ணன் பக்கம் திரும்பி, காது கேட்க வேண்டுமே என்று கத்தினாள்.

"மெதுவான கைய வெச்சுட்டு வேகமான கைக்காரிய எப்புடிப் புடிக்கறதுங்க பெரியப்பா?"

"அப்புடிக் கேளு" என்றார் அவர். "கைய உட்டுத் தொரத்தக் கூடாது. காலை வெச்சு மூலைக்குத் தள்ளோணும். எடமில்லாம பண்ணீட்டா எந்தக் கையும் வேகமில்ல. வா, காட்டறேன்."

நீங்கள் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது அண்ணா. கேட்க முடியாதபடி செய்தது நான். அவள் கேட்டுவிட்டாள். அன்றையிலிருந்து மூட்டையைக் குத்துவதைக் குறைத்துவிட்டு, பட்டறைத் தரையில் கால் வைத்து நடந்து பழகுகிறாள். நாலு மூலைக்கும் நாலு டயரைப் போட்டுவிட்டு, நடுவில் செல்வராசண்ணன் நின்று நழுவப் பார்க்கிறார், இவள் விடுவதில்லை.

அடுத்த மாதம் சேலத்துக்கு நானும் போகிறேன். லீவு சொல்லியாயிற்று. ஜெயிப்பாளா என்று எனக்குத் தெரியாது. எதிரே வருகிறவள் கை எப்படி என்றும் தெரியாது. ஆனால் வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையையும் எதிராளி கையையும், லேசாகத் தொட்டதைக்கூட விடாமல் எண்ணுவேன். ஒவ்வொரு ரவுண்டு முடிந்து அவள் மூலைக்கு வரும்போதும், கேட்க நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன எண்ணினேனோ அதையே அவள் காதில் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்களைத் தப்பாக எண்ணிய தங்கச்சி,
உங்கள் மகளுக்குச் சரியாக எண்ணப்போகும் அத்தை,
சரசு